லினக்ஸுக்கு உபயகாரர் தேவை

எங்கள் பள்ளிக்கூடத்தில் உபயகாரரின் பெயர் எழுதப்படாதவை இரண்டுதான். ஒன்று வெயில். மற்றது நான்.

கதிரைகளின் முதுகில் பெயர் இருக்கிறது. தண்ணீர்த் தாங்கியில் பெயரோடு பிறந்த திகதியும் இறந்த திகதியும் இருக்கின்றன. ஆண் பிள்ளைகளின் மலசலகூடக் கதவில் ‘எங்கள் அன்புத் தந்தையின் நினைவாக’ என்று தொடங்கி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று எழுதிக்கொண்டு போய், இடம் போதாமல் மிச்சத்தைச் சுவரில் எழுதியிருக்கிறார்கள். மின்விசிறியின் மூன்று தகடுகளிலும் ஒரே அமரரின் பெயர். சுற்றினால் பெயர் தெரியாது என்பதால் வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வரும் நாட்களில் விசிறியை நிறுத்திவிடுவோம். வியர்த்து வழிய வழிய நன்றியோடு உட்கார்ந்திருப்போம்.

பள்ளிக்கூடத்தின் பெயர் கலைவாணி வித்தியாலயம். வடமராட்சிக் கரையோரத்தில் சங்குமுனை என்ற கடற்றொழில் ஊரில் இருக்கிறது. நான் உரும்பிராய்க்காரி, பெயர் ஜெயகௌரி, இரண்டு பஸ் மாறி வந்து தகவல் தொழினுட்பம் படிப்பிக்கிறேன். வந்த புதிதில் இந்தப் பள்ளிக்கூடத்தை அரசாங்கம் நடத்துகிறது என்று நினைத்திருந்தேன். நடத்துவது பழைய மாணவர் சங்கம். ஊரில் இருப்பது தாய்ச்சங்கம். கனடாவிலும் லண்டனிலும் கிளைகள். தாய் இங்கே கையைப் பிசைந்துகொண்டு நிற்க, பிள்ளைகள் அங்கேயிருந்து முடிவெடுப்பார்கள். கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடும்பத்தின் உபயமாக நடப்பதைப்போல, இங்கே ஒவ்வொரு சாமானும் யாராவது ஒருவரின் உபயமாக இருக்கவேண்டும். கோயிலில் அது அழகாகத்தான் இருக்கிறது. சோக்குப் பெட்டியில் அழகாக இல்லை.

கணினி அறையில் பத்துக் கணினிகள் இருந்தன. பழையவை. அவற்றில் இருந்த இயங்குதளம் காலாவதியாகி, திரை கறுத்து, ‘உங்களுடைய பிரதி உண்மையானதல்ல’ என்று மூலையில் எழுதிக் காட்டும். அதைச் சொல்வதற்கே அதற்குப் பத்து நிமிடம் வேண்டியிருந்தது. பிறகு அப்படியே உறைந்துவிடும்.

முதலாம் தவணையில் கல்வித் திணைக்களத்திலிருந்து ஆசிரிய ஆலோசகர் ஒருவர் வந்து பார்த்தார். நல்ல மனிதர். வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார்.

“ரீச்சர், ரெண்டாம் தவணை முடிய முந்தி நான் திரும்ப வரவேணும். அப்பவும் உந்தக் கொம்பியூட்டர்கள் இப்பிடியே கிடந்தால் பாடத்தை நிப்பாட்டச் சொல்லித்தான் நான் எழுதுவன். வேறை வழியில்லை.”

பத்தாம் வகுப்பில் பதினேழு பிள்ளைகள் இந்தப் பாடத்தை எடுத்திருந்தார்கள். நிறுத்தினால் வருட நடுவில் அவர்களை வேறு பாடத்தில் தள்ளுவார்கள். அந்தப் பதினேழில் ஆரணி என்று ஒருத்தி. தகப்பன் கடலுக்குப் போகிறவர். பதினோராம் வகுப்பு முடிவில் வரும் சாதாரணதரப் பரீட்சையில் இதில் திறமைச் சித்தி எடுத்து, உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவுக்குப் போகவேண்டும் என்பது அவளுடைய ஆசை. ஆசை என்று சொல்வது குறைவு, பிடிவாதம். கறுத்த திரைக்கு முன்னால் உட்கார்ந்து விசைப்பலகையில் விரல் பழகிக்கொண்டிருப்பாள்.

எனக்கு வழி தெரிந்திருந்தது. அதில் பெரிய கெட்டித்தனம் ஒன்றுமில்லை, உலகத்துக்கே தெரிந்த வழிதான். லினக்ஸ் என்ற இயங்குதளம் இலவசம். யாரும் இணையத்திலிருந்து இறக்கலாம், யாரும் படியெடுக்கலாம், யாரும் யாருக்கும் கொடுக்கலாம். பழைய கணினியிலும் ஓடும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் தங்கை மதுரா அங்கே அதை இறக்கி, நிறுவக்கூடிய மாதிரி ஒரு பென்டிரைவில் எழுதித் தந்தாள்.

ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை வரச்சொன்னேன். பென்டிரைவைக் குத்திவிட்டுக் கணினியை இயக்கி, அது விழிக்கும்போது ஒரு விசையை அழுத்தி, பென்டிரைவிலிருந்து தொடங்கு என்று சொல்லவேண்டும். பிறகு அது நாலைந்து கேள்வி கேட்கும். எந்த மொழி வேண்டும், எந்த இடத்தில் இருக்கிறாய், பெயர் என்ன, கடவுச்சொல் என்ன. அவ்வளவுதான். முதல் கணினியில் நான் செய்து காட்டினேன். மற்ற ஒன்பதையும் பிள்ளைகளே செய்தார்கள். மொழி கேட்டபோது தமிழ் என்றார்கள். கணினியும் தமிழில் பேசத் தொடங்கியது. நான் பஸ்ஸுக்கு வெளிக்கிடும் நேரம் பத்தும் ஓடிக்கொண்டிருந்தன. ஆரணி எழுதிய நிரல் தகப்பனுடைய வள்ளத்தின் பெயரைத் திரை முழுவதும் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டே போனது. எப்படி நிறுத்துவதென்று அவளுக்குத் தெரியவில்லை. நிறுத்த விருப்பமும் இல்லை.

திங்கட்கிழமை அதிபர் பிரகலாதன் வந்து பார்த்தார். பத்துத் திரைகளும் ஒளிர்வதைக் கண்டதும் அவருடைய முகம் மலர்ந்தது. பிறகு கணினிகளைச் சுற்றிச் சுற்றி வந்தார். பின்பக்கம் குனிந்து பார்த்தார். முகம் வாடிவிட்டது.

“ரீச்சர், இது ஆற்றை உபயம்?”

“ஒருத்தற்றையும் இல்லை சேர். இது இலவசம்.”

“இலவசம் எண்டு தெரியுது. பள்ளிக்கூடத்திலை எல்லாம் இலவசம்தானே. இலவசமாத் தந்தது ஆர்?”

“ஒருத்தரும் தரேல்லை சேர். நாங்களே இறக்கினது.”

அதிபர் கதவைச் சாத்தினார். களவெடுத்த சாமானை வீட்டில் வைத்திருப்பவர் போல யன்னலையும் சாத்தினார். “ஐயாவுக்குத் தெரியுமோ?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

ஐயா என்பவர் தாய்ச்சங்கத் தலைவர் முத்துக்குமாரு. ஓய்வுபெற்ற தபாலதிபர். கடிதம் பிந்தினாலும் பரவாயில்லை, முத்திரை நேராகக் குத்தியிருக்கவேண்டும் என்ற கொள்கையோடு காலம் முழுவதும் சேவை செய்தவர். அன்று பின்னேரமே நிர்வாக சபையைக் கூட்டிவிட்டார். பிள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லாத கிழமையிலும் இவ்வளவு வேகமாக அந்தச் சபை கூடியதில்லை.

“பிள்ளை, நீர் நல்ல நோக்கத்தோடைதான் செய்திருக்கிறீர்” என்று தொடங்கினார். இப்படித் தொடங்கும் பேச்சு எங்கே போய் முடியும் என்று ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். “ஆனா ஒரு சாமான் பள்ளிக்கூடத்துக்குள்ளை வாறதெண்டால் ஒரு முறை இருக்கு. உந்த லினக்ஸை ஆர் செய்தது?”

“உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான ஆக்கள் சேந்து எழுதினது ஐயா. எல்லாருக்கும் பொது.”

“முதல் தொடங்கினது ஆர்?”

“பின்லாந்திலை படிச்சுக்கொண்டிருந்த ஒரு பெடியன்.”

“பின்லாந்திலை எங்களுக்குக் கிளை இல்லையே” என்றார் அதிபர் கவலையோடு.

“சரி, அந்த ஆயிரம் பேரின்ரை விபரம் இருக்கோ? நன்றியுரையிலை வாசிக்கவேணும்” என்றார் முத்துக்குமாரு.

“தெரியாது ஐயா. அவையள் நன்றி எதிர்பாக்கிறேல்லை.”

முத்துக்குமாரு சபையைப் பார்த்தார். சபையும் அவரைப் பார்த்தது. “ஆயிரம் பேர் வேலை செய்திருக்கினம். ஒருத்தரும் தன்ரை பேரைப் போடேல்லை. படத்தைப் போடேல்லை. பிள்ளை, உமக்கு உது சந்தேகமாத் தெரியேல்லையோ?”

தெரியவில்லை என்றேன். அவர் எழுந்து நின்றார். உட்கார்ந்திருந்தால் தனக்குப் பேச்சு வராது என்று பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

“உதவி செய்யிறது பெரிய காரியமில்லை. ஆரும் செய்யலாம். உதவி செய்தவர் ஆரெண்டு நாலு பேருக்குத் தெரியவேணும், அதுதான் பெரிய காரியம். என்ரை சேவைக்காலத்திலை அனுப்பினவர் பேர் இல்லாத பார்சல் ஒண்டையும் நான் உள்ளுக்கு எடுத்ததில்லை. இண்டைக்கு உபயகாரர் இல்லாமல் பத்துக் கொம்பியூட்டர் ஓடினால் நாளைக்குச் சனம் என்ன நினைக்கும்? உபயகாரர் இல்லாமலும் பள்ளிக்கூடம் நடக்குமெண்டு நினைக்கும். சங்கம் இல்லாமலும் நடக்குமெண்டு நினைக்கும். பிறகு நாங்கள் என்னத்துக்கு?”

அந்தக் கேள்விக்கு அவர் விடை எதிர்பார்க்கவில்லை. எனக்கு விடை தெரியும்.

லினக்ஸை உடனடியாக அழித்துவிடுவது, உபயகாரரைக் கண்டுபிடித்து, உரிய முறையில், அவருடைய முன்னிலையில் அதே லினக்ஸைத் திரும்பப் போடுவது என்று முடிவாயிற்று. எல்லோரும் கை தூக்கினார்கள். அதிபர் இரண்டு கையையும் தூக்கினார்.

அழிப்பதற்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று கேட்டார்கள். போடுவதைவிடக் குறைவு என்றேன். நல்லது என்றார்கள். சபை உறுப்பினர்கள் மூவர் முதுகுக்குப் பின்னால் நிற்க, என் கையாலேயே பத்தையும் துடைத்தேன். ஆரணி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரீச்சர், நாங்கள் ஏதும் பிழை விட்டிட்டமோ?”

“இல்லைப் பிள்ளை.”

“அப்ப ஏன் அழிக்கிறியள்?”

“திரும்பப் போட.”

எனக்கு ஏதோ நடந்துவிட்டது என்பதுபோல அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

உபயகாரரைத் தேடுவதற்கு இணையவழியில், சூமில் ஒரு கூட்டம் வைத்தார்கள். தேடவேண்டிய தேவை இருக்கவில்லை. கனடாக் கிளைத் தலைவர் தேவராசா திரையில் வந்ததும் வணக்கம் சொல்லாமலே தொடங்கினார்.

“லினக்ஸைக் கனடாக் கிளை பாரமெடுக்குது. பத்துக்கும் நாங்கள் இலவசமாத் தாறம்.”

“இலவசமாத் தாறதுக்கு நீங்கள் ஆர்?” என்று லண்டன் கிளைத் தலைவி பராசக்தி பாய்ந்தார். “லண்டன் கிளை போன மாசியிலை இருந்து பள்ளிக்கூடத்துக்கு இலவசமா ஏதாவது குடுக்கவேணுமெண்டு கதைச்சுக்கொண்டிருக்கு. எங்கடை யோசினையைத்தான் நீங்கள் களவெடுத்திருக்கிறியள்.”

“நீங்கள் கதைப்பியள். நாங்கள் தருவம்.”

“போனமுறை தண்ணித் தாங்கியிலை எங்கடை எழுத்து சின்னனாப் போனது நாங்கள் மறக்கேல்லை.”

நான் குறுக்கிட்டேன். “இது இலவசம்தானே. ரெண்டு பேரும் தரலாம். தராமலும் விடலாம். அப்பவும் ஓடும்.”

கனடாவும் லண்டனும் ஒரே நேரத்தில் முத்துக்குமாருவைக் கூப்பிட்டன. “ரீச்சருக்கு அனுபவம் குறைவு” என்று முத்துக்குமாரு இரண்டு கண்டங்களிடமும் என் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

கடைசியில் ஐந்து கணினி கனடாவின் உபயம், ஐந்து லண்டனின் உபயம் என்று பாகம் பிரித்தார்கள். கனடா ஐந்தும் தேவராசாவின் தகப்பனார் நினைவாக. லண்டன் ஐந்தும் பராசக்தியின் மாமியார் நினைவாக. அந்த மாமியார் உயிரோடு இருந்தபோது பராசக்தி அவரை எப்படி நடத்தினார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அது எனக்குத் தேவையில்லாத கதை.

நிறுவும்போது கணினி சில கேள்விகள் கேட்கும் என்று நான் சொல்லித் தொலைத்துவிட்டேன். கேள்விகளுக்கு உபயகாரர்தான் மறுமொழி சொல்லவேண்டும் என்று முத்துக்குமாரு தீர்ப்பளித்தார். எந்த மொழி என்ற கேள்விக்கு இரண்டு கிளைகளும் ஆங்கிலம் என்றன. வந்து பார்க்கப்போகும் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதாம். எந்த இடம் என்ற கேள்விக்குக் கனடா ரொறன்ரோ என்றது. லண்டன் லண்டன் என்றது. ஆகவே எங்கள் அறையில் ஐந்து கணினி ரொறன்ரோ நேரமும் ஐந்து கணினி லண்டன் நேரமும் காட்டும் என்று ஆயிற்று. சங்குமுனை நேரத்தை அறிவதற்கு வெளியே வந்து மணிக்கூட்டைப் பார்க்கவேண்டும். மணிக்கூடும் உபயம்தான், அது நின்று இரண்டு வருடம்.

பெயர் என்ன என்ற கேள்விக்கு அமரர்களின் பெயர். கடவுச்சொல் அவர்கள் இறந்த திகதி. பிள்ளைகள் கணினிக்குள் போவதற்கு முன்னர் தினமும் அந்தத் திகதியை நினைவுகூர்வார்கள், அது நல்ல பழக்கம் என்றார் அதிபர். திரையின் பின்னணியில் அமரரின் மாலை போட்ட படம். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளுக்கு அவரைப் புகழ்ந்து பாட்டுக் கட்டிப் புத்தகம் அடிப்பார்கள், கல்வெட்டு என்று பெயர். தகப்பனாரின் கல்வெட்டில் இருக்கும் பாட்டெல்லாம் கணினி தொடங்கும்போது திரையில் ஓடவேண்டும் என்றார் தேவராசா.

“ஒவ்வொரு முறையுமோ?” என்று கேட்டேன்.

“ஓம். தாண்டிப் போகேலாத மாதிரிச் செய்யவேணும். தாண்டினால் அப்பாவைத் தாண்டின மாதிரி.”

செய்தேன். மதுராவின் பென்டிரைவிலேயே எழுதி வைத்தேன். லினக்ஸில் அதையும் செய்யலாம். யார் எதை மாற்றினாலும் அது கோபிக்காது. அதுதான் அதன் பெருந்தன்மை, அதுதான் அதன் குறை.

எல்லாம் முடிந்தது, இனிப் போடலாம் என்று நினைத்தேன். தேவராசா விடவில்லை. திருநெல்வேலியில் இறக்கியதைக் கனடா உபயம் என்று சொல்ல மனச்சாட்சி இடம் தரவில்லையாம். கனடாவில் இறக்கினால்தான் கனடா உபயம். தானே இறக்கி, ஊருக்கு வரும் ஒருவரிடம் பென்டிரைவைக் கொடுத்துவிட்டார். அது சொக்கலேற்றுக்கும் வாசனைத் திரவியத்துக்கும் நடுவில் பயணம் செய்து வந்து சேரப் பல கிழமை எடுத்தது. திறந்து பார்த்தேன். உள்ளே லினக்ஸ் இல்லை. அவருடைய கணினியில் லினக்ஸ் எங்கே கிடக்கிறது என்று காட்டும் சின்னப் படம் ஒன்று மட்டும் இருந்தது. வீட்டைத் தருகிறேன் என்று சொல்லி வீட்டு விலாசத்தை அனுப்பியிருந்தார். லண்டனிலிருந்து வந்த பென்டிரைவில், லினக்ஸ் இறக்கும் இணையப் பக்கத்துக்குப் பக்கத்தில் பராசக்தி புன்னகையோடு நிற்கும் புகைப்படம் இருந்தது.

இதைச் சொன்னால் இன்னொரு கூட்டம் வைப்பார்கள். நான் பேசாமல் மதுரா தந்ததையே இரண்டிலும் எழுதினேன். திருநெல்வேலி லினக்ஸ் கனடா என்றும் லண்டன் என்றும் பெயர் எடுத்தது.

தவணை முடியப்போகிறது. ஆலோசகர் வருவார். நான் முத்துக்குமாருவின் வீட்டுக்கே போனேன்.

“ஐயா, விழாவை நீங்கள் எப்பவும் வையுங்கோ. இப்ப போட்டு ஓடவிடுவம். பதினேழு பிள்ளையளின்ரை பாடம் ஐயா.”

“கோயில் திருவிழாவுக்குத்தான் தேவராசாவும் பராசக்தியும் வருகினம். அதுக்கு முந்தி ஒண்டும் செய்யேலாது.”

“அதுக்கிடையிலை பாடத்தை நிப்பாட்டிப் போடுவினம்.”

“திறந்து வைக்க முந்திப் பாவிச்சால் அது பாவிச்ச சாமான்” என்றார் அமைதியாக. “பாவிச்ச சாமானை எங்கடை பிள்ளையளுக்குக் குடுக்க நான் சம்மதிக்கமாட்டன். எங்கடை பிள்ளையளுக்குப் புதுசுதான் குடுக்கவேணும்.”

தேநீரும் தந்தார். குடிக்காமல் வந்தேன்.

ஆலோசகர் வந்த நாளில் கணினிகள் பத்தும் பளபளக்கும் சிவப்புச் சற்றின் துணியால் மூடி, நாடா கட்டி, பூ முடிச்சுப் போட்டு இருந்தன. விழாவுக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. பூவைத்தான் கிழமைக்கொருமுறை மாற்றினார்கள். ஆலோசகர் வாசலில் தயங்கி நின்று, ஏதும் துக்கமோ என்று கேட்டார்.

“சேர், ஒரு மணித்தியாலம் தாங்கோ” என்றேன். “பென்டிரைவ் என்ரை பையிலை இருக்கு. உங்களுக்கு முன்னாலையே போட்டுக் காட்டுறன்.”

அவர் தன்னுடைய கைமணிக்கூட்டைப் பார்த்தார். “சரி ரீச்சர். இருக்கிறன்” என்று கதிரையை இழுத்துப் போட்டார். ஆரணியும் மற்றப் பிள்ளைகளும் யன்னலில் தொங்கிக்கொண்டு நின்றார்கள். நான் முதல் கணினியின் நாடாவை இழுத்தேன். பூ முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து அறுத்தேன். துணி விழுந்தது. பென்டிரைவைக் குத்தி விசையை அழுத்தினேன். நிறுவட்டுமா என்று திரை கேட்டது. ஓம் என்றேன்.

அதிபர் தகவல் கொடுத்திருக்கவேண்டும். முத்துக்குமாரு வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். அதிபரைப் பார்த்தார், அவ்வளவுதான். அதிபர் மெதுவாக வெளியே போனார். ஒரு சத்தம் கேட்டது. திரை இருண்டது. விசிறி நின்றது. மூன்று தகடுகளிலும் அமரரின் பெயர் தெளிவாகத் தெரிந்தது.

“கறண்ட் நிண்டிட்டுது போலை” என்று அதிபர் உள்ளே வந்தார். அவருடைய விரலில் துருப்பிடித்த மெயின் சுவிட்ச் பெட்டியின் கறள் ஒட்டியிருந்தது.

ஆலோசகர் பக்கத்து வகுப்பறையைப் பார்த்தார். அங்கும் விசிறி நின்றிருந்தது. எதிரே இருந்த கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அவருக்கு விளங்கியது. எனக்கும் விளங்கியது. யன்னலில் நின்ற பிள்ளைகளுக்கும் விளங்கியது. அதிபருக்கு மட்டும் விளங்கவில்லை, அல்லது அவருக்கு அது பழகிப்போயிருந்தது.

“நீங்கள் யோசியாதையுங்கோ” என்று முத்துக்குமாரு ஆலோசகரின் தோளில் கைபோட்டார். “விழாவுக்கு வாங்கோ. உங்களைச் சிறப்பு விருந்தினராப் போடுறம். பொன்னாடையும் இருக்கு.”

“எனக்கு ஓடுற கொம்பியூட்டர் ஒண்டு காட்டினால் போதும் ஐயா” என்றார் அவர்.

மின்சாரம் வரவில்லை. அவர் ஒரு மணித்தியாலத்துக்கும் மேலாக இருந்து பார்த்துவிட்டு, என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார். மோட்டார் சைக்கிள் மறைந்ததும் மின்சாரம் வந்தது. அறுந்த நாடாவுக்குப் பதிலாகப் புதிய நாடா வாங்கிக் கட்டினார்கள்.

பாடம் நின்றது. பதினேழு பிள்ளைகளையும் மனைப்பொருளியலுக்கு அனுப்பினார்கள். எனக்கு, வராத ஆசிரியர்களின் வகுப்புகளில் போய் நின்று பிள்ளைகளைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை தந்தார்கள். ஆரணி ஒருநாள் என்னை நடையில் மறித்தாள்.

“ரீச்சர், இந்தப் பாடம்தான் எடுப்பனெண்டு அப்பாவோடை சண்டை பிடிச்சு எடுத்தனான். இப்ப வீட்டிலை என்ன சொல்லுறது?”

எனக்குச் சங்கத்துக்காரர்களைப் பிடித்து ஒவ்வொருவராகக் கடலில் தள்ளவேண்டும் போல இருந்தது. தள்ளினாலும், மிதக்கும் இடத்தில் ஒரு பெயர்ப்பலகை நடுவார்கள்.

விழா நன்றாக நடந்தது. அப்படித்தான் சொல்கிறார்கள். வெள்ளித் தட்டில் பட்டு விரித்து, பூவுக்கு நடுவில் இரண்டு பென்டிரைவுகளை வைத்து, பிள்ளையார் கோவிலிலிருந்து மேளதாளத்தோடு ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள். கனடாத் தட்டைத் தேவராசா ஏந்தினார். லண்டன் தட்டைப் பராசக்தி ஏந்தினார். யார் முன்னால் வருவது என்ற பிரச்சினையில் இருவரும் வாசலில் ஒன்றாக நுழைந்து சிறிது நேரம் இறுகி நின்றார்கள். மங்கள விளக்கேற்றினார்கள். உபயகாரர்களின் பெயர் பொறித்த கல்லைத் திரை நீக்கம் செய்தார்கள். தலைவர்கள், உபதலைவர்கள், போசகர்கள் எல்லோருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். எனக்கும் ஒன்று விழுந்தது. அதை இடுப்பில் செருகிக்கொண்டு, பேச்சுகள் முடிவதற்குள் பத்துக் கணினியிலும் லினக்ஸைப் போட்டு முடித்தேன்.

“லினக்ஸ் எண்டது எங்கடை ரெண்டு கிளையளும் உலகத்துக்குத் தந்த கொடை” என்று முத்துக்குமாரு மேடையில் முழங்கினார். “இதை ஒரு சதம் வாங்காமல் தந்திருக்கினம். இப்பிடி இலவசமா ஒரு சாமானைத் தாற மனம் வேறை ஆருக்கு வரும்?”

எல்லோரும் கை தட்டினார்கள்.

படம் எடுக்கும் நேரம் வந்தபோது, கணினிக்கு முன்னால் பிள்ளைகள் இல்லை என்பது தெரிந்தது. அதிபர் ஓடிப்போய் மனைப்பொருளியல் வகுப்பிலிருந்து பதினேழு பேரையும் கூட்டிவந்தார். வடை சுட்டுக்கொண்டிருந்தவர்கள், கையில் உழுந்து மாவோடு வந்தார்கள். கழுவிவிட்டு உட்காரச் சொன்னார்கள். விசைப்பலகையில் விரலை வைக்கவேண்டும், அழுத்தக்கூடாது என்று படம் எடுப்பவர் கட்டளையிட்டார்.

ஆரணிக்குத் தேவராசாவின் தகப்பனாருக்கு முன்னால் இடம் கிடைத்தது. கல்வெட்டுப் பாட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. மற்றப் பிள்ளைகள் கமராவைப் பார்த்தார்கள். அவள் மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டு, எல்லாப் பாட்டும் ஓடி முடியும்வரை அசையாமல் இருந்தாள். கடைசிப் பாட்டு முடிந்து கணினி கடவுச்சொல் கேட்டது. அவள் விரலை எடுக்காமல் முத்துக்குமாருவை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஐயா, நாளையிலை இருந்து நாங்கள் இதைப் பாவிக்கலாமோ?”

முத்துக்குமாரு சிரித்தார். அன்பான சிரிப்புத்தான், அதில் பொய் இல்லை.

“உனக்கு ஏன் பிள்ளை? உனக்கு இப்ப உந்தப் பாடம் இல்லையெல்லோ.”

சொல்லிவிட்டு அவளுடைய தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். படம் எடுப்பவர், “ஐயா, இன்னொருக்கா” என்றார். ஐயா இன்னொருக்கா வைத்தார்.